‘அவங்க’ என்றால் யார்? சைக்கோசிஸில் பேச்சுக்கு என்ன ஆகிறது

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிறார் டாக்டர். பதில் வருகிறது:

“சாப்பிட்டாச்சு. சாப்பாட்டுல உப்பு. உப்பளம் தூத்துக்குடியில இருக்கு, எங்க மாமா அங்கதான் வேலை பார்த்தாரு. வேலைத்தான் முருகன் கையில வச்சிருக்காரு. அவங்க அதைப் பிடுங்கிட்டாங்க. அதனாலதான் கரண்ட் போச்சு.”

இதை எந்த நோயாளியும் சொல்லவில்லை. மனநல மருத்துவ நூல்கள் விவரிக்கும் பேச்சின் போக்கை வைத்து நானே தமிழில் அமைத்தேன். உண்மையான ஒருவரின் வேதனையை எடுத்து இங்கே காட்சிக்கு வைக்க எனக்கு மனமில்லை.

வீட்டில் ஒருவர் இப்படிப் பேசினால் நமக்கு வாயில் வரும் சொல் ‘உளறல்’. காய்ச்சலில் உளறுவது, தூக்கத்தில் உளறுவது, குடித்துவிட்டு உளறுவது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். ஆனால் அந்தப் பதிலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ‘மாமா’வுக்கு ‘பார்த்தாரு’, ‘அவங்க’வுக்கு ‘பிடுங்கிட்டாங்க’ என்று வினைமுற்று ஒன்றுகூடப் பிசகவில்லை. வேற்றுமை உருபுகள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே எடுத்தால் நல்ல தமிழ். பக்கவாதத்தில் மூளையின் மொழிப்பகுதி அடிபட்டவர்கள் பலர் வேறு மாதிரி தடுமாறுவார்கள்: சொல் கிடைக்காமல் திணறுவார்கள், விகுதிகள் உதிர்ந்துபோகும். இங்கே அந்தக் கருவிகள் எல்லாம் கைவசம் இருக்கின்றன. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில்தான் ஏதோ அறுந்திருக்கிறது.

எங்கே அறுந்தது? உப்பிலிருந்து உப்பளத்துக்குப் போனதை யாரும் குறை சொல்ல முடியாது. திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது நாமும் அப்படித்தான் தாவுகிறோம். அடுத்து, மாமா பார்த்த ‘வேலை’ முருகன் பிடித்திருக்கும் ‘வேலை’ ஆகிவிட்டது. பொருளைப் பிடித்துக்கொண்டு போன பேச்சு இப்போது ஓசையைப் பிடித்துக்கொண்டு போகிறது. அப்புறம் ‘அவங்க’. யார்? இதற்கு முன்னால் அப்படி யாரும் பேச்சில் வரவில்லை. தமிழில் ‘அவங்க’ என்றால் மரியாதைக்குரிய ஒருவராகவும் இருக்கலாம், ஒரு கூட்டமாகவும் இருக்கலாம். கேட்பவருக்குப் பிடிமானமே இல்லை. கடைசியில் ‘அதனாலதான்’. காரணத்தைச் சொல்லும் சொல் இருக்கிறது, காரணம் இல்லை.

சைக்கோசிஸ் என்பது ஒரே நோயின் பெயர் கிடையாது, ஒரு நிலை. பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்பது, எத்தனை ஆதாரம் காட்டினாலும் அசையாத தவறான நம்பிக்கைகள், எண்ண ஓட்டம் குலைவது ஆகியவை அதன் முகங்கள். ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயில் வரும். பைபோலார் நோயில் மனம் கட்டுமீறிப் பொங்கும் மேனியா கட்டத்தில் வரும். கடுமையான மனச்சோர்விலும், சில போதைப்பொருள்களாலும், சில பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின்னும் வரும். ஸ்கிசோஃப்ரினியா மட்டும் உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு, அதாவது ஏறக்குறைய 2.4 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. ‘சைக்கோ’ என்று நம் ஊரில் கொலைகாரனைத் திட்டுகிறார்களே, அந்தச் சொல் இத்தனை பேர் மேலும் போய் விழுகிறது.

பேச்சு குலைவதை நோயின் நடுவில் வைத்துப் பார்த்தவர் சுவிட்சர்லாந்தின் யூஜின் ப்ளாய்லர். சூரிச்சின் பர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனையின் தலைவர். ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908-இல் முன்வைத்து, 1911-இல் அதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். குரல்களும் விபரீத நம்பிக்கைகளும் அவருக்கு இரண்டாம்பட்சம். ஓர் எண்ணத்தை இன்னொன்றோடு கோக்கும் நூல் தளர்ந்துபோவதுதான் அடிப்படை என்றார். அதே தலைமுறையின் இன்னொரு பெரிய மனநல மருத்துவரான ஜெர்மனியின் எமில் கிரேப்பலின் வேறொரு வாசலில் நின்று பார்த்தார். கனவில் தாம் பேசிய, கேட்ட விசித்திரமான சொற்றொடர்களை எழுதி வைத்து 1906-இல் வெளியிட்டார். கனவில் எல்லோருக்கும் நடக்கும் சொற்குழப்பம் நோயாளிகளின் விழிப்பு நேரப் பேச்சை ஒத்திருக்கிறது என்பது அவர் கவனிப்பு. இந்தக் கனவு விஷயத்துக்குக் கொஞ்சம் கழித்துத் திரும்பி வருவோம்.

இதற்கெல்லாம் முன்பே, உள்ளே இருந்து ஒருவர் எழுதிவிட்டார். டேனியல் பால் ஷ்ரீபர் ஜெர்மனியின் டிரெஸ்டன் மேல்நீதிமன்றத்தில் 1893-இல் உயர் பதவி ஏற்ற நீதிபதி. அதே ஆண்டில் நோய் முற்றி மருத்துவமனைக்குப் போனவர் 1902 வரை வெளியே வரவில்லை. அங்கிருந்தபடி அவர் எழுதிய நினைவுக்குறிப்புகள் 1903-இல் அச்சாயின. சைக்கோசிஸ் மொழிக்குள் எப்படி நடக்கிறது என்பதை அவரைப்போலத் துல்லியமாகச் சொன்னவர்கள் குறைவு.

கடவுளின் கதிர்கள் தம்மோடு ஒரு ‘அடிமொழி’யில் பேசுவதாக ஷ்ரீபர் எழுதுகிறார். பழைய பாணியிலான, வலிமையான ஜெர்மன் அது. அதில் சொற்கள் தலைகீழாகப் பொருள் தரும்: தண்டனைக்கு ‘பரிசு’, உணவுக்கு ‘விஷம்’, விஷத்துக்கு ‘சாறு’. விஷப்பாம்பை ‘நல்ல பாம்பு’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்த உத்தி அந்நியமே அல்ல. நம்முடையது ஊர் கூடி ஒப்புக்கொண்ட மங்கல வழக்கு. ஷ்ரீபரின் அகராதியோ அவர் ஒருவருக்கு மட்டும் திறந்தது. புதுச்சொல் படைப்பதையே நோய் என்று நினைத்துவிடக்கூடாது; கேட்பவரோடு உடன்பாடு இல்லாமல் அந்தச் சொல் புழங்கும்போதுதான் சிக்கல்.

அப்புறம் அந்தப் பறவைகள். மனப்பாடம் செய்த வாக்கியங்களை ஒப்பித்துக்கொண்டு பறவைகள் தம்மிடம் வருவதாக அவர் சொல்கிறார். பொருள் அவற்றுக்குத் தெரியாது. ஆனால் ஓசை ஒற்றுமைக்கு மயங்கிவிடும். ‘சாண்டியாகோ’ என்றாலும் ‘கார்தாகோ’ என்றாலும் அவற்றுக்கு ஒன்றுதான். ‘ஆபெண்ட்ரோட்’ என்றால் அந்திச் சிவப்பு, ‘ஆடெம்நோட்’ என்றால் மூச்சுத்திணறல். அவற்றுக்கு அதுவும் ஒன்றுதான். ஓசை பொருளை இழுத்துக்கொண்டு போவதை மருத்துவர்கள் நோயாளியின் பேச்சில் குறித்து வைத்தார்கள். ஷ்ரீபர் அதைப் பறவைகளின் குறையாகக் கண்டு, அதை வைத்து அவற்றைக் குழப்பியும் பார்த்தார்.

இன்னொன்று எனக்கு மிகவும் வலித்தது. குரல்கள் அரைகுறை வாக்கியங்களைச் சொல்லி நிறுத்திவிடும். “இப்போது நான்…” என்று தொடங்கி அப்படியே நின்றுவிடும். மிச்சத்தை அவர் மனம் நிரப்பியே ஆகவேண்டும். நாளெல்லாம், ஆண்டுக்கணக்கில். பாதியில் நின்ற பாட்டை மனசு தானே முடித்துக்கொள்ளும் அல்லவா? அந்த இயல்பான பழக்கமே அவருக்குச் சித்திரவதையானது.

இவ்வளவும் நடந்தும் மனிதர் தெளிவாக எழுதினார், வாதாடினார். தம் விவகாரங்களைத் தாமே பார்த்துக்கொள்ளும் உரிமையைக் கேட்டு அவரே மனு எழுத, 1902-இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சைக்கோசிஸ் உள்ள எல்லோருடைய பேச்சும் குலைவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். கோவையாக, தர்க்கத்தோடு, நடக்காத ஒன்றை நம்பிப் பேசுகிறவர்கள் நிறைய உண்டு. பேச்சு தெளிவாக இருக்கிறதே என்று வீட்டார் ஏமாந்துபோவதும் அதனால்தான்.

20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை ‘சிந்தனைக் கோளாறு’ என்ற சொல்லை மருத்துவர்கள் ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்தினார்கள். அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் நான்சி ஆண்ட்ரீசன். மருத்துவத்துக்கு வரும் முன் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சிந்தனையை யாரும் பார்த்ததில்லை, கேட்பது பேச்சைத்தான் என்பதிலிருந்து தொடங்கி, 1979-இல் 18 வகைப் பேச்சு மாற்றங்களுக்கு வரையறை எழுதினார். கேள்வியை லேசாக உரசிவிட்டு வேறெங்கோ போவது ஒரு வகை. பேசப் பேச மெல்லத் தடம் புரள்வது இன்னொன்று. கடிகாரத்துக்கு ‘நேரப் பாத்திரம்’ என்பதுபோல, இருக்கும் சொற்களை ஒட்டிப் புதுப்பெயர் வைப்பதும் அதில் அடங்கும். எதுகையே பேச்சை ஓட்டிச் செல்வதும் உண்டு. நாமும் ‘ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்’ என்கிறோம். அங்கே எதுகை பொருளுக்குச் சேவகம் செய்கிறது. நோயில் கடிவாளம் எதுகையின் கைக்குப் போய்விடுகிறது.

ஆண்ட்ரீசன் கண்ட முக்கியமான விஷயம், இந்த மாற்றங்கள் ஸ்கிசோஃப்ரினியாவுக்கு மட்டும் சொந்தமில்லை என்பது. மேனியாவிலும் இவை ஏராளம். அங்கே பேச்சு மடை திறந்தாற்போல் கொட்டும். இடையில் புக முடியாது. ஆனாலும் ஓடிப்போய்ப் பிடித்தால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் கைக்கு அகப்படும்.

மொழியியலாளர்களும் இதில் மோதிக்கொண்டார்கள். 1974-இல் இலேய்ன் சைக்கா ஒரு நோயாளியின் பேச்சை ஆராய்ந்து, இது விட்டு விட்டு வரும் ஒருவகை மொழிக் குறைபாடு என்றார். மறு ஆண்டே விக்டோரியா ஃப்ராம்கின் மறுத்தார். நாத்தவறுகளைச் சேகரிப்பதில் பேர்பெற்றவர் அவர். சைக்கா காட்டிய பிழைகளில் பெரும்பாலானவை எல்லோரும் தினம் செய்பவைதான், மொழி கெடவில்லை என்றார். 1979-இல் ஷெர்ரி ராசெஸ்டரும் ஜே. ஆர். மார்ட்டினும் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள்: பேசுபவரிடம் என்ன குறை என்பதை விட்டுவிட்டு, கேட்பவர் எந்த இடத்தில் வழி தவறுகிறார் என்று பார்த்தார்கள். ‘அவன்’, ‘அது’, ‘அந்த ஆள்’ போன்ற சுட்டுகள் யாரை, எதைச் சுட்டுகின்றன என்று தெரியாத இடங்களில் கேட்பவர் தொலைந்துபோகிறார். நாம் முதலில் பார்த்த ‘அவங்க’தான் அது. என் மனம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. பேச்சு என்பது எதிரில் இருப்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று விநாடிக்கு விநாடி கணக்குப் போட்டுக்கொண்டே செய்யும் வேலை. சைக்கோசிஸில் அந்தக் கணக்கு தப்புகிறது.

ஏன் தப்புகிறது? முழு விடை கிடைத்துவிடவில்லை. 1990-களில் ஜெர்மனியின் மான்ஃப்ரெட் ஸ்பிட்சர் செய்த சோதனைகள் ஒரு துப்பு தருகின்றன. ‘எலுமிச்சை’ என்ற சொல்லைக் கேட்டால் மனதில் ‘புளிப்பு’ விழித்துக்கொள்ளும். அதன் வழியே ‘இனிப்பு’வரை அந்தச் சலனம் பரவுவது சிந்தனை குலைந்த நோயாளிகளிடம் கூடுதலாக இருந்தது. அதாவது தூரத்துச் சொந்தங்களெல்லாம் அழைக்காமலே பந்திக்கு வந்து உட்கார்ந்துவிடுகின்றன. மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் 2003-இல், டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் பக்கமிருந்து விளக்கினார்: எது முக்கியம், எது முக்கியமில்லை என்று மூளை குத்தும் முத்திரை கண்டபடி விழ ஆரம்பிக்கிறது. பஸ்ஸில் ஒருவர் இருமினால்கூட அதில் ஏதோ சேதி இருக்கிறது. பேச்சில் அது ‘அதனாலதான்’ ஆகிறது.

குரல்கள் கேட்பதும் மொழியின் கதைதான். நாம் எல்லோரும் மனசுக்குள் பேசிக்கொள்கிறோம். பேசுவது நாமேதான் என்ற உணர்வு கூடவே இருக்கிறது. அந்த உணர்வு விலகினால் சொந்தப் பேச்சே வெளியிலிருந்து வருவதாகக் கேட்கலாம் என்பது ஒரு கருத்து. 1993-இல் லண்டனில் ஃபிலிப் மெக்வயர் குழு, குரல் கேட்கும் நேரத்தில் நோயாளிகளின் மூளையைப் படம் பிடித்தது. பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருந்தது. ஆக, “குரல் கேக்குது” என்பவர் நடிக்கவில்லை. அவர் மூளையில் பேச்சு உண்மையாகவே நடந்துகொண்டிருக்கிறது.

இங்கே நம் சென்னை வருகிறது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற ஸ்கிசோஃப்ரினியா ஆய்வு நிறுவனத்தின் ஆர். பத்மாவதி, ஹேமா தரூர் ஆகியோரோடு மானுடவியலாளர் தான்யா லூர்மன் நடத்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. கலிபோர்னியாவின் சான் மெட்டியோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் 20 பேர் வீதம் நோயாளிகளைச் சந்தித்து, உங்கள் குரல்கள் யார், என்ன சொல்கின்றன என்று கேட்டார்கள். அமெரிக்கர்களுக்குக் குரல்கள் பெரும்பாலும் அத்துமீறி நுழைந்த வன்முறை. அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொந்தக்காரர்களின் குரலைக் கேட்டார்கள். திட்டுவார்கள், கேலி செய்வார்கள். கூடவே குளி, சமை, வீட்டைச் சுத்தம் பண்ணு என்றும் சொல்வார்கள். ஒரு கூட்டுக்குடும்பமே தலைக்குள் குடியிருக்கிறது. இதனால் சென்னைக்காரர்களுக்கு நோய் இலகு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடுமையான குரல்கள் இங்கேயும் உண்டு. ஆனால் நோய் பேசும் மொழியை, ஊரும் உறவும் சேர்ந்துதான் வடிக்கின்றன.

அதே காரணத்தால் எதை நோய் என்று சொல்வதிலும் நிதானம் வேண்டும். கோயிலில் அருள் வந்து வாக்குச் சொல்பவரின் பேச்சும் வெளியாளுக்குப் புரியாமல் இருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு நேரம் உண்டு, இடம் உண்டு, கேட்டுப் பொருள் சொல்ல ஆட்கள் உண்டு, திருநீறு பூசியதும் அது முடிகிறது. சைக்கோசிஸில் அந்தப் பேச்சு ராத்திரி இரண்டு மணிக்கும் நிற்பதில்லை, கூட நிற்கவும் ஆளில்லை.

இதுவரை கூடுதலாக வரும் பேச்சைப் பார்த்தோம். குறைந்துபோகும் பேச்சை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில். பதிலுக்கு முன் நீண்ட இடைவெளி. குரலில் ஏற்ற இறக்கம் வற்றிப்போகிறது. கல்லூரிக்குப் போகும் பையன் இப்படி மாறினால் “இப்பல்லாம் ரொம்ப அமைதியாயிட்டான்” என்று பெருமையாகக்கூட நினைக்கிறோம். ஸ்கிசோஃப்ரினியாவில் அமளியைவிட இந்த வறட்சி நீண்ட நாள் தங்குவது, மருந்துக்கும் அவ்வளவாக வழிவிடாதது.

இப்போது கம்ப்யூட்டர்களும் கேட்கத் தொடங்கிவிட்டன. பிரேசிலில் நடாலியா மோட்டா, சிடார்த்தா ரிபெய்ரோ குழு ஒவ்வொரு சொல்லையும் ஒரு புள்ளியாக வைத்து, அடுத்த சொல்லுக்கு அம்புக்குறி போட்டு, பேச்சையே கோலம்போல வரைந்தது. தொடர்பான பேச்சில் கோடுகள் சுற்றி வந்து பழைய புள்ளிகளைத் தொட்டுப் பின்னிக்கொள்ளும். ஸ்கிசோஃப்ரினியாவில் பின்னல் மெலிந்துவிடும். 2014-இல் அவர்கள் கண்டது இன்னும் சுவையானது: நேற்று என்ன செய்தாய் என்று கேட்பதைவிட, என்ன கனவு கண்டாய் என்று கேட்டால் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. கிரேப்பலின் தட்டிய கதவை நூறாண்டு கழித்து அவர்கள் திறந்திருக்கிறார்கள்.

2015-இல் வந்த நியூயார்க் ஆய்வு பரபரப்பாகப் பேசப்பட்டது. சைக்கோசிஸ் வரும் அபாயமுள்ள 34 இளைஞர்களின் பேச்சைப் பதிவு செய்து, இரண்டரை ஆண்டுவரை பின்தொடர்ந்தார்கள். ஐந்து பேருக்கு நோய் வந்தது. முதல் பேச்சை அலசிய கணினி நிரல் அந்த ஐந்து பேரையும் சரியாகப் பிரித்துக் காட்டியது. அடுத்தடுத்த வாக்கியங்களுக்கு இடையே பொருள் எவ்வளவு தூரம் தாவுகிறது என்பதை அது அளந்தது. ஒரே ஒரு பெருந்தாவல் இருந்தாலும் அதைப் பிடித்தது. ஐந்தே பேர் என்பதை மறக்க வேண்டாம். 2018-இல் இன்னும் பலரிடம் சோதித்தபோது துல்லியம் 80 சதவீதத்தை ஒட்டி நின்றது. எனக்கு இதில் நம்பிக்கையும் உண்டு, பயமும் உண்டு. டாக்டர் கையில் இது ஸ்டெதாஸ்கோப்பாக இருக்கலாம். வேலைக்கு எடுக்கும் கம்பெனியோ இன்சூரன்ஸ்காரரோ நம் பேச்சை இப்படி ஒட்டுக்கேட்டால் அது அநியாயம்.

தமிழுக்கு இதை அப்படியே கொண்டுவரவும் முடியாது. அந்த நியூயார்க் ஆய்வு எண்ணியவற்றில் ஒன்று, வாக்கியத்துக்குள் வாக்கியத்தைக் கோக்கும் ஆங்கிலத்தின் சின்னச் சின்ன சொற்கள். தமிழில் அந்த வேலையை ‘நேத்து வந்த ஆள்’ என்பதில் பெயரெச்சமும், ‘வரேன்னு சொன்னார்’ என்பதில் ‘ன்னு’வும் செய்கின்றன. ‘போயிருந்திருக்கலாம்’ என்பது நமக்கு ஒரே சொல். பிரேசில்காரர்களின் முறையில் கோலம் போட்டால் புள்ளிக் கணக்கே மாறிவிடும். எழுத்துத் தமிழில் பழகிய நிரலுக்குப் பேச்சுத்தமிழ் சரியாகப் பிடிபடாது. திருநெல்வேலிக்காரர் பேச்சும் யாழ்ப்பாணத்தார் பேச்சும் வேறு வேறு. இதற்கென்று உட்கார்ந்து வேலை செய்ய நம் மொழியியலாளர்களும் மனநல மருத்துவர்களும் ஒரே மேசைக்கு வரவேண்டும்.

அதுவரை நம்மிடம் இருக்கும் கருவி வீட்டார் காதுதான். தமிழில் நாம் கேட்டதையும் நினைத்ததையும் பிரித்துச் சொல்ல நுட்பமான வசதிகள் உண்டு: ‘வந்தானாம்’, ‘வந்த மாதிரி இருந்துச்சு’, ‘வந்தானோன்னு தோணுது’. ‘என்னைப் பத்திப் பேசுறாங்களோன்னு தோணுது’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ‘பேசுறாங்க, எனக்குத் தெரியும்’ என்று மாறினால் அந்த ‘தோணுது’ காணாமல் போனதைக் கவனியுங்கள். வாதாடி அதை மீட்க முடியாது. டாக்டரிடம் போகவேண்டிய நேரம் அது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் இந்தியாவில் டெலிமானஸ் 14416, இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்கள் இருக்கின்றன. சிகிச்சை தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் பின்னால் தேறுவதைக் கடினமாக்குகிறது.

அங்கே போனதும் டாக்டர் கேட்பார், “என்ன பேசினாரு?” பெரும்பாலும் நாம் சொல்வது, “என்னென்னமோ உளறினான் டாக்டர்.” முடிந்தால் ஒரு நோட்டில் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு போங்கள். திருத்த வேண்டாம், சுருக்க வேண்டாம், நல்ல தமிழாக்கவும் வேண்டாம். தேதி போடுங்கள். எந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது, எந்த இடத்தில் பேச்சு நின்றது, ‘அவங்க’ என்று யாரைச் சொன்னார் என்று கேட்டபோது என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.